வல்லார் சொல்லும் நாட்டார் தீர்ப்பும்

நாட்டின் பெருங்கொள்கைகளை வகுக்குங்கால் துறைவல்ல அறிஞர் சொல்லைக் கொள்வதா, பொதுமக்கள் தீர்ப்பைக் கொள்வதா என்னும் வினா அரசியல் நூலார்க்கு மட்டும் உரியதன்று; தமிழிலக்கியம் பயில்வார்க்கும் உரியது. என்னை? இவ்வினாவிற்கு விடை கூறும் இரு திறத்தாரும் தத்தம் கோளை நிறுவத் தமிழ்ச் சான்றுகளையே நாடுகின்றனர். வல்லுநரே முடிவு செய்தல் வேண்டும் என்பார் திருக்குறட் பொருட்பாலை எடுத்தோதுவர். மக்களே முடிவு செய்தல் வேண்டும் என்பார் உத்திரமேரூர்க் குடவோலையைச் சுட்டுவர். இச்சான்றுகள் அவர்தம் கோளைத் தாங்குமா என ஆராய்வதும், ஆராய்ந்து பெற்ற முடிவை அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றன்மேல் வைத்துப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கம். 2012ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சங்கரன்கோவிலில் நடைபெற்ற இடைத்தேர்தலும், அதனை அடுத்துக் கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றி எடுக்கப்பெற்ற முடிவுமே அந்நிகழ்ச்சியாகும்.

முதற்கண் திருக்குறளைக் காண்போம். ‘பெரியாரைத் துணைக்கோடல்’, ‘அமைச்சு’ ஆகிய அதிகாரங்கள் அறிவுடையார் துணையின்றி ஆட்சி நடவாது என்பதை ஐயமின்றி உரைக்கின்றன. ஆயின், வள்ளுவர் கூறும் பெரியார் யாவர்? அரசன் விரும்பியதற்கு இசைவு தருவார் அல்லர். அவன் பிழைபடுமிடத்து இடித்துரைப்பாரே பெரியார். அவரையும் உடனே நம்புக என வள்ளுவர் கூறினாரல்லர். ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்து, ஆராய்ந்த பின்னரே ஒருவரைத் தெளிதல் வேண்டும் என்றார். ‘இறைமாட்சி’யிலோ, செவிக்குக் கசப்பான சொல்லையும் பொறுத்துக் கேட்கும் இயல்பை அரசன்மேல் ஏற்றினார். ‘கொடுங்கோன்மை’யில் குடிகளின் கண்ணீரே ஆட்சியின் செல்வத்தைத் தேய்க்கும் கருவியாகக் காட்டப்படுகின்றது. ஆகவே, வள்ளுவர் நெறியில் அறிஞர் அறிவுரைப்பர். முடிவும் அதன் பொறுப்பும் ஆள்வோனுடையன. அம்முடிவு நன்றோ தீதோ என்பதற்கு அளவுகோல் குடிகளின் துன்பம். வல்லுநர் ஆட்சிக்கு இதனைச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது.

இனி, குடவோலை. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்த முறையை விரித்துரைப்பன. வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடைமை, சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் அகவை, மறைக்கல்வி ஆகிய தகுதிகள் ஆண்டு விதிக்கப்பெற்றன. அந்தணர் சபை ஒன்று, தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுத் திருவுளச் சீட்டாக எடுத்த முறை அது. உழுவார், நெய்வார் முதலிய ஊரார் அனைவரும் கூடி வாக்களித்த முறை அன்று. எனவே, மக்களாட்சிக்கு இதனை முழுச்சான்றாகக் கொள்வது மிகைபடக் கூறலாகும். எனினும், அக்கல்வெட்டில் நம் வினாவிற்கு இன்றியமையாத விதி ஒன்று உண்டு. வாரியம் செய்து கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியர் ஆகார். அறிவுடையாராயினும் கணக்குக் காட்டும் கடமையினின்று நீங்கார் என்பதே அதன் கருத்து.

இரு சான்றுகளும் இங்ஙனம் தளர்ந்தபின், நம் வினாவிற்கு நேரே விடை கூறும் இலக்கியம் உண்டோ எனின், உண்டு. அவற்றுள் ஒன்று புறநானூற்றின் 184ஆம் பாட்டு. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் வரிகொள்ளும் முறையை அறிவுறுத்தியது அது. சிறுநிலத்து நெல்லும் கவளமாக்கி ஊட்டினால் யானைக்குப் பன்னாள் உதவும். பெருவயலாயினும் யானை தானே புகுந்தால் வாயிற் சென்றதினும் காலால் அழிந்ததே மிகும் என்பது அப்பாட்டின் உவமை. முறையறியாத ஆரவாரச் சுற்றத்தோடு அரசன் கூடியிருத்தலைப் புலவர் கண்டிக்கின்றார். வரியை வகுக்கும் அலுவலர் அரசன் பக்கத்தே இருந்தனர். ஆயினும், வயல் எவ்வாறு அழிகின்றது என்பதை அவர் அறிந்திலர். தாங்குவாரிடத்தும் ஓர் அறிவு உண்டு என்பதும், அவ்வறிவு அரண்மனைக்குத் தானே வந்து சேராது என்பதும் இப்பாட்டாற் பெறப்படும்.

மற்றொன்று சிலப்பதிகாரம். கோவலன் கொலையுண்டது ஊழ்வினையால் என்பது காப்பியத்தின் கோள். அக்கோளோடு மாறுபடாமலே, அரசியல் பிழைத்த இடம் யாது என நுணுகி ஆராயலாம். சிலம்பைப் பற்றி அரசனிடம் கூறியவன் பொற்கொல்லன். அணிகலத் துறையில் வல்லவன். காவலர் கோவலனைக் கண்டு, இவன் கள்வன் போலத் தோன்றவில்லை என ஐயுற்றபோது அப்பொற்கொல்லன் செய்தது யாது? களவு நூலை எடுத்து விரித்தான்; மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர் துணைகள் எட்டினையும் முறைபட எண்ணிக் காட்டினான். நூலறிவு பொதுவகையான் உண்மையாயிருக்கலாம். ஆனால், முன் நின்ற கோவலனுக்கு அது பொருந்துமா என்பதே கேள்வி. அதனை ஒருவரும் கேட்டிலர். கண்ணால் அறிந்த ஐயம் நூற்பெயரைக் கேட்டு ஒடுங்கியது. சொல்லியவனே சிலம்பைக் கவர்ந்தவன் என்பதும் ஆராயப்படவில்லை.

பின்னர் அவைக்கு வந்தவள் கண்ணகி. அவள் பொற்கொல்லர் தொழிலை அறியாள். பாண்டிநாட்டுக் குடியும் அல்லள். எனினும், முடிவின் விளைவைத் தாங்கியவள் அவளே. தன் சிலம்பின் உள்ளே இருப்பது யாது என்பதை அறிந்தவளும் அவளே. மாணிக்கம் என்றாள் அவள், முத்து என்றான் அரசன், சிலம்பு உடைந்தது, உண்மை வெளிப்பட்டது. இங்கு நுனித்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கண்ணகி அழுகையால் வென்றாளல்லள். பலர்முன் ஆராயத்தக்க சான்றால் வென்றாள். அரசனும் தன்பக்கத்துச் சான்றை மறையாது வெளிப்படுத்தினான். பொற்கொல்லன் சொற்கேட்ட குற்றத்தைத் தன்மேல் ஏற்று உயிர்நீத்தான். அறிவார் ஒருவர், தாங்குவார் ஒருவர், முடிவு செய்து பொறுப்பேற்பார் ஒருவர் என மூவேறு பணிகள் இதனால் விளங்கும். அவையின் சீர்மை அம்மூவரும் ஒருங்கு கூடுதலில் உள்ளது. மதுரையில் அது கொலைக்குப் பின்னரே நிகழ்ந்தது. காப்பியத்தின் அவலமும் அதுவே.

இவ்வளவுகோலை இனிச் சங்கரன்கோவிலுக்குக் கொண்டு செல்வோம். கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் ஆற்றலுடைய இரண்டு அணு உலைகள் அமைக்க 1988ஆம் ஆண்டு நவம்பரில் இராசீவ் காந்தியும் கோர்பச்சேவும் உடன்படிக்கை செய்தனர். சுற்றுச்சூழல் இசைவு 1989இலேயே வழங்கப்பெற்றமையால், பின்னாளில் சட்டமான மக்கள் கருத்துக்கேட்பு இவ்விரு உலைகளுக்கும் நடைபெறவில்லை. 2011ஆம் ஆண்டு மார்ச்சு 11இல் நேர்ந்த ஆழிப்பேரலையும் அதன் விளைவான சப்பானியப் புகுசிமா விபத்தும் இடிந்தகரை முதலிய கடற்கரையூர்களில் அச்சத்தைப் பெருக்கின, போராட்டம் வலுத்தது. அவ்வாண்டு செப்டம்பர் 22 அன்று, மக்கள் அச்சம் நீங்கும்வரை பணியை நிறுத்துக என மைய அரசைக் கேட்டுத் தமிழக அமைச்சரவை தீர்மானம் இயற்றியது. மைய அரசு முத்துநாயகம் தலைமையில் பதினைவர் குழுவையும், மாநில அரசு 2012 பிப்ரவரியில் அணுவாற்றல் அறிஞர் சீனிவாசன் உள்ளிட்ட நால்வர் குழுவையும் அமைத்தன. இரு குழுக்களும் உலைகள் பாதுகாப்பானவை என்றே கூறின.

அந்நாளில் சங்கரன்கோவில், கூடங்குளம் போன்றே திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2019 முதல் தென்காசி மாவட்டத்தது. அமைச்சராயிருந்த கருப்பசாமி மறைந்தமையால் அத்தொகுதியில் 2012 மார்ச்சு 18 அன்று வாக்குப்பதிவு நிகழ்ந்தது. மறுநாளே, 19ஆம் நாள், கூடங்குளம் பணிகளை உடனே தொடர்க என அமைச்சரவை முடிவு செய்து, சுற்றுவட்டாரத்துக்கென 500 கோடி ரூபாய்த் திட்டத்தையும் அறிவித்தது. 21ஆம் நாள் வாக்குகள் எண்ணப்பெற்றன. ஆளுங்கட்சி வேட்பாளர் முத்துச்செல்வி 68,757 வாக்கு மிகுதியால் வென்றார். காரணம் எதுவாயினும் நிகழ்ச்சிகளின் வரிசை இதுவே. வாக்காளர் தம் தீர்ப்பை எழுதி முடித்த பின்னரே, அம்மாவட்டத்தின் தலையாய வினாவிற்கு விடை வெளிவந்தது. மக்கள் கேட்கப்பட்டனர், வினா கேட்கப்படவில்லை.

இவ்விடத்து ஒரு தடை எழும். சங்கரன்கோவில் மக்களிடம் வினவியிருப்பின் அவர் உலைகளை வேண்டாம் என்றிருப்பரோ? அவ்வாறு துணிதற்கு இடமில்லை. அஃது விசைத்தறி மிக்க ஊர்; அந்நாளில் தமிழகமெங்கும் நாள்தோறும் பல மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டது. தறி நின்றால் கூலி நின்றது. நெசவாளியும் ஒரு துன்பத்தைத் தாங்கினான். இடிந்தகரை மீனவனும் ஒன்றனை அஞ்சினான். பொதுமக்கள் என்பார் ஒரு தொகுதியினர் அல்லர் என்பது இதனால் தெளிவாகும். ஆசுத்திரிய நாட்டில் 1978இல், கட்டி முடிக்கப்பெற்ற அணுமின் நிலையத்தைத் திறப்பதா என நாடு முழுதும் வாக்கெடுத்தனர்; மிகச்சிறு வேறுபாட்டில் மறுப்பு வென்றது; நிலையம் இயங்கவில்லை. அம்முறை நேர்மையானதே. ஆயினும், நிலையத்தின் நிழலில் வாழ்வார் வாக்கும் தொலைவில் வாழ்வார் வாக்கும் ஆண்டு ஒரே எடையின. எண்ணிக்கை மட்டும் தாங்குவாரைக் காட்டித் தராது.

இனி, வல்லுநர் சொல்லின் எல்லை யாது? உலையின் சுவர் எத்துணை நடுக்கத்தைத் தாங்கும், வெளிவிடும் நீர் கடலை எத்துணை வெப்பமாக்கும் என்பன அவரே கூறத்தக்கவை. எஞ்சும் சிறு இடரையும் தன் பிள்ளைகளோடு ஏற்று வாழ்வதா என்பது பொறியியல் வினா அன்று. அதனை அறிக்கை தீர்க்காது. மேலும், அறிக்கைகள் அவைமுன் வைக்கப்படல் வேண்டும். பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் இட மதிப்பீட்டு அறிக்கையையும் வெளியிடுமாறு மையத் தகவல் ஆணையம் பணித்தது 2012 ஏப்ரல் இறுதியில். அமைச்சரவையின் முடிவுக்கு ஆறு வாரம் பின்னர். உச்ச நீதிமன்றம் 2013 மே 6 அன்று, அணுவாற்றற் கொள்கையை ஆராய்வது தன் பணியன்று எனக் கூறிப் பதினைந்து நெறிமுறைகளை விதித்து உலைக்கு வழிவிட்டது. முதல் உலை 2014 இறுதியில் வணிக இயக்கத்திற்கு வந்தது. கூடங்குளக் குழுவினரைப் பொற்கொல்லனோடு ஒப்பிடுதல் நம் கருத்தன்று. அவர் நேர்மை ஈண்டு வினாவே அன்று. நேர்மையாளர் சொல்லாயினும் சிலம்பை உடைத்துக் காணும் அவை வேண்டும் என்பதே நாம் கூறுவது.

ஆகவே, வல்லாரா நாட்டாரா என்னும் வினாவே குறையுடைத்து. வல்லார் கூறுக, தாங்குவார், மீனவரும் நெசவாளரும் ஆக, ஓரவையில் ஒருவர் துன்பத்தை ஒருவர் கேட்டு வினவுக, ஆள்வோர் முடிவுசெய்து, குடவோலை விதித்தாங்குக் கணக்குக் காட்டுக. 2012 மார்ச்சில் இம்மூவரும் ஒரே மாவட்டத்தில் இருந்தனர், அறிக்கையும் அணியமாயிருந்தது, தேர்தல் என்னும் அவையும் கூடியிருந்தது. கூட்டுதல் ஒன்றே குறைந்தது. சங்கரனும் நாராயணனும் தத்தம் அடையாளம் கெடாமல் ஓருருவாய் நிற்கும் திருக்கோயிலைத் தன் நடுவே உடைய ஊர் அது. அறிவும் வாழ்வும் அங்ஙனம் ஒருங்கு நிற்கும் அவையை ஆக்குதலே கொள்கை வகுப்பார் கடன் என்பது இவ்வாராய்ச்சியிற் பெறப்படும் முடிவாகும்.