முடிவெடுத்த அறை

நம்ம பக்கத்திலிருந்து சிங்கப்பூர் போகிறவர்களின் அட்டவணை ஏறக்குறைய ஒன்றேதான். செந்தோசா, பறவைப் பூங்கா, முஸ்தபா கடையில் அரை நாள், லிட்டில் இந்தியாவில் இட்லி, கடைசி நாள் தைலமும் சாக்லேட்டும். பெட்டி எடை பார்த்து ஏர்போர்ட். சிவகாசியில் காலண்டர் ஆர்டர் முடிந்ததும், தீபாவளி சரக்கு அனுப்பி முடித்ததும் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் நிறைய. ஊரின் நட்டநடுவில் இருக்கும் ஃபோர்ட் கேனிங் குன்றில் ஏறினேன் என்று அவர்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தக் குன்றுக்குள் 30 அடி ஆழத்தில் ஒரு பதுங்கு அறை இருக்கிறது. 'பேட்டில் பாக்ஸ்' என்று பெயர். இரண்டாம் உலகப்போரில் மலாயாவுக்கான பிரிட்டிஷ் படையின் நிலத்தடித் தலைமையகம். சிங்கப்பூரை ஜப்பானிடம் ஒப்படைப்பது என்ற முடிவு 1942 பிப்ரவரி 15-ம் தேதி காலை இங்கேதான் எடுக்கப்பட்டது. அன்றைக்குச் சீனப் புத்தாண்டின் முதல் நாள். ஊர் முழுக்கப் பட்டாசு வெடித்திருக்க வேண்டிய காலை. வேறு வெடிதான் கேட்டது.

மேலே இருந்த கோட்டையின் கதையே ஒரு தமாஷ். 1857-ல் இந்தியாவில் சிப்பாய்கள் எழுந்த செய்தி கேட்டு, சிங்கப்பூரின் வெள்ளைக்காரர்களுக்கும் வயிற்றில் புளி கரைந்தது. துறைமுகத்துக்குக் காவல், கலவரம் வந்தால் அடைக்கலம் என்று இரண்டுக்குமாக 1859-ல் வேலையைத் தொடங்கி, அப்போதைய இந்திய வைஸ்ராய் கேனிங் பெயரைச் சூட்டினார்கள். கட்டி முடித்த பிறகுதான் கணக்குப் பார்த்தார்கள். இங்கிருந்து பீரங்கி சுட்டால், எதிரியின் கப்பலைத் தொடுவதற்கு முன் நம் ஊர்க் கூரை மேலேயே விழும் போலிருக்கிறதே! முற்றுகை வந்தால் உள்ளே தாங்குகிற அளவுக்குத் தண்ணீரும் இல்லை. 1907 வாக்கில் பெரும்பகுதியை இடித்தார்கள். 1920-களில் அந்த உச்சியில் குடிநீர்த் தேக்கம் கட்டினார்கள். பழைய வாசல் ஒன்று மட்டும் இன்றும் நிற்கிறது.

துறைமுகத்தை உண்மையில் காத்தவை வேறு கோட்டைகள். செந்தோசாவின் மேற்கு முனையில் சிலோசோ கோட்டை அவற்றில் ஒன்று. கேபிள் காரில் போகிறவர்கள் அதையாவது எட்டிப் பார்க்கலாம். சிங்கப்பூர் பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்து நின்றன, ஜப்பான்காரன் பின்வாசல் வழியாக வந்துவிட்டான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது பாதி உண்மை. பெரிய பீரங்கிகளில் சில நிலத்தின் பக்கம் திரும்பி நன்றாகவே சுட்டன. சிக்கல் குண்டில். கப்பலின் எஃகுக் கவசத்தைத் துளைப்பதற்காகச் செய்த குண்டுகள்தான் பெரும்பாலும் கையிருப்பு.

என்னோடு வந்திருந்த சிவகாசி நண்பர் பட்டாசு ஆபீசில் முப்பது வருடம் போர்மேனாக இருந்தவர். (ஃபாக்டரியை 'ஆபீஸ்' என்பது அந்த ஊர் வழக்கம்.) அவருக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. "கனமான ஓடு, உள்ள மருந்து கம்மி. அப்படித்தான அண்ணாச்சி? அது மண்ணுல போய்ச் சொருகி அங்கனயே வெடிக்கும். சிதறாது. ஆளு மேல சுட அது எதுக்கு?" என்றார். ராணுவ வரலாற்றாசிரியர்கள் பல பக்கம் எழுதியதன் சாரம் அவ்வளவுதான்.

கீழே இறங்கியதும் முதலில் உறைப்பது புழுக்கம். தடித்த கான்கிரீட் சுவர், முப்பதை ஒட்டிய எண்ணிக்கையில் சின்னச் சின்ன அறைகள். தொலைபேசி இணைப்பகம், சங்கேத மொழி அறை, பீரங்கிகளை இயக்கிய அறை, வரைபட மேஜை. குண்டும் விஷவாயுவும் உள்ளே வராதபடி அடைத்துக் கட்டியதில் காற்றும் சரியாக வராமல் போயிற்று. கடைசி நாட்களில் இதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு வேலை செய்த நூற்றுக்கணக்கானவர்கள் வியர்வையில் குளித்தார்கள். தளபதி பெர்சிவல் தன் தலைமையகத்தை இங்கே மாற்றியது பிப்ரவரி 11-ம் தேதி. நான்கே நாளில் கதை முடிந்தது.

நண்பர் வரைபடத்தைப் பார்க்கவில்லை. கதவுகளை எண்ணிக்கொண்டிருந்தார். தொழில் பழக்கம்.

போருக்குப் பின் மூடிக் கிடந்த இந்த இடம் 1988-ல் ஒரு பத்திரிகையாளரின் தேடலால் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. 1997-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, சொல்கிற கதையைச் சுத்தமாகச் சொல்கிறார்கள். கூட்டம் நடந்த அறையில் மேஜையைச் சுற்றி மெழுகு உருவங்கள்: பெர்சிவல், இந்தியப் படைப்பிரிவின் ஹீத், ஆஸ்திரேலியர் கோர்டன் பென்னட், மற்றவர்கள். எதிர்த்தாக்குதலா, சரணடைவதா என்று விவாதம். ஏரிகள் ஜப்பானியர் கையில். குழாய்கள் குண்டு விழுந்து உடைந்து தண்ணீர் வீணாக ஓடுகிறது. பத்து லட்சம் பேர் அடைபட்ட ஊரில் இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோதான் தாக்குப்பிடிக்கும் என்கிறார்கள். தலைக்கு மேல் குடிநீர்த் தேக்கம், கீழே உட்கார்ந்து தண்ணீருக்காகத் தோற்றுப்போகிறார்கள். குடம் தூக்கிப் பழகிய நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த இடத்தில் ஒரு 'அடடா' வராமல் போகாது.

சாயங்காலம் புக்கிட் தீமாவில் ஃபோர்டு கார் தொழிற்சாலையில் யமாஷிதாவின் முன் பெர்சிவல் கையெழுத்துப் போட்டார். சரணடைந்தவர்கள் சுமார் 85,000 பேர். ஜெயித்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. யமாஷிதாவிடம் குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன, அவர் மிரட்டித்தான் வாங்கினார் என்பது பிறகு தெரிந்தது. இந்த இடத்தில் எல்லோரும் 'த்சொ' கொட்டுகிறோம். ஒளிவிளக்கு அணைகிறது. வெளியே வந்தால் வெயில், மரநிழல், திருமண ஃபோட்டோ எடுக்கிற ஜோடிகள்.

இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். பதுங்கு அறை சொல்வது தளபதிகளின் கதை. யார் தப்பு, எந்தத் திட்டம் பிசகியது, பெர்சிவல் கோழையா பாவப்பட்டவரா என்பதெல்லாம் விரிவாக இருக்கிறது. அந்த முடிவு யார் தலையில் விடிந்தது என்பது மட்டும் ஓரிரு எண்களாகச் சுருங்கிவிடுகிறது. மேஜையைச் சுற்றி இருந்தவர்களுக்குக் கதை 15-ம் தேதி இரவோடு முடியலாம். மற்றவர்களுக்கு அது அப்போதுதான் தொடங்கியது.

இரண்டே நாள் கழித்து, 17-ம் தேதி, ஃபாரர் பார்க் மைதானத்தில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை நிற்கவைத்து, ஒரு பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானின் மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைத்தார். சரக்கை இறக்கிக் கணக்குத் தீர்ப்பது போல. அங்கிருந்துதான் மோகன் சிங்கின் இந்திய தேசிய ராணுவம். அடுத்த வருடம் அக்டோபர் 21-ல் நேதாஜி தற்காலிக அரசை அறிவித்த கேத்தே கட்டடம் இந்தக் குன்றிலிருந்து நடக்கிற தூரம். சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் டாக்டராக இருந்த லட்சுமி, கேப்டன் லட்சுமியானதும் இந்த ஊரில்தான். அவருடைய ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்க் குடும்பத்துப் பெண்கள்.

துப்பாக்கி தூக்காதவர்களின் கதி இன்னும் மோசம். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் செத்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் 12,000-க்கு மேல். அவர்களுக்குப் பெயர், படை எண், கல்லறை எல்லாம் உண்டு. தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்கள் உட்பட, செத்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் என்று ஒரு மதிப்பீடு. அவர்களுக்கு மதிப்பீடு மட்டும்தான் உண்டு. காலராவில் போனவர்களை யார் பதிவேட்டில் எழுதினார்கள்?

எல்லாவற்றையும் ஒரே அருங்காட்சியகத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நியாயம்தான். அந்த ஃபோர்டு தொழிற்சாலையில் ஆக்கிரமிப்புக் காலத்து மக்கள் வாழ்க்கை பற்றிக் காட்சி இருக்கிறது. கேம்பல் லேனில் 2015-ல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. கிராஞ்சி போர் நினைவிடத்தின் சுவர்களில், உடல் கிடைக்காத 24,000-க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. இந்தியப் பெயர்கள் ஏராளம். ஆனால் பதுங்கு அறையில் கடைசியாக இன்னும் ஒரே ஓர் அறை போதும். முடிவெடுத்த அறையைப் பார்த்த பிறகு, முடிவைச் சுமந்தவர்களின் அறை. அது இல்லாததால் ஒரு சாம்ராஜ்யத்தின் தோல்வி நல்ல நாடகமாக மட்டும் நின்றுவிடுகிறது.

இந்த வேலையைத் தமிழில் நாவல்கள் செய்திருக்கின்றன. சிங்கம்புணரியில் பிறந்து, மேடானில் வேலை பார்த்த ப.சிங்காரம் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' 1972-ல் வந்தது. போரைக் கடைத்தெருவிலிருந்தும், வட்டிக்கடையிலிருந்தும், நேதாஜி படை முகாமிலிருந்தும் பார்த்த புத்தகம். மலேசியாவின் ஆர்.சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' தண்டவாளம் போட்டவர்களின் பக்கம் நிற்கிறது. சிங்கப்பூர் போகிறவர்கள் கைப்பையில் இதில் ஒன்றை வைத்துக்கொண்டு போகலாம். கைடு விட்ட இடத்தை இவை நிரப்பும். காஞ்சனபுரியில் அந்தத் தமிழர்களுக்காக ஒரு நடுகல் 2023-ல் எழும்பியது. எண்பது வருடம் ஆயிற்று, அதுவும் தமிழர்களே முயன்றதால்.

சிங்கப்பூர்க்காரர்களை இவ்வளவு கேட்ட பிறகு நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். சிங்கப்பூரைச் சாய்த்த அதே போர்தான் சிவகாசியைத் தூக்கிவிட்டது. 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடார், சண்முக நாடார் கதை எல்லோருக்கும் தெரியும். போர்க்காலத்தில் வெளிநாட்டுப் பட்டாசு வருவது நின்றபோது இங்கே பட்டாசு ஆபீஸ்கள் எழும்பின. இன்றைக்கு நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இந்தக் கரிசல் பூமியிலிருந்து போகிறது.

நாளைக்கு இதற்கு ஓர் அருங்காட்சியகம் வைத்தால் எந்த அறையைக் காட்டுவோம்? முதலாளியின் முதல் மேஜை நாற்காலி, கல்கத்தா ரயில் பயணம், பழைய லேபிள்கள், அரசு கொடுத்த விருதுகள். எல்லாம் இருக்கட்டும், வேண்டியதுதான். மருந்து கலக்கும் அறையைக் காட்டுவோமா? சிங்கப்பூர் பதுங்கு அறையை வெடி உள்ளே வராதபடி கட்டினார்கள். பட்டாசு அறையை, வெடித்தால் ஆள் வெளியே ஓடும்படி கட்டச் சொல்கிறது சட்டம். அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து, அறைக்கும் அறைக்கும் இத்தனை இடைவெளி என்று விதி இருக்கிறது. சீசன் நேரத்தில் ஆர்டர் நெருக்கும்போது அந்த விதியை மீறலாம் என்று முடிவெடுப்பது ஓர் அறை. அந்த முடிவு வெடிப்பது வேறு அறை.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. செத்தவர்கள் 40 பேர் வரை. காப்பாற்ற ஓடிவந்தவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். 20-க்கும் மேல். உள்குத்தகை, அளவுக்கு மீறிய ஆள், அளவுக்கு மீறிய மருந்து என்று ஒவ்வொரு முறையும் அதே பேச்சு. தொகை அறிவிப்பார்கள், கலெக்டர் வருவார், லைசென்ஸ் ரத்தாகும், அடுத்த சீசன் வரும். தேதியும் எண்ணிக்கையும் நமக்கு ஞாபகம் இருக்கிறது. பெயர்?

ஆலமரத்தடியில் அகால மரணம் அடைந்தவளுக்குக்கூடக் கல் நட்டுச் சாமியாக்கிப் பொங்கல் வைத்த ஊர்கள் இவை. அந்தப் பழக்கம் பட்டாசு ஆபீஸ் வாசலில் ஏன் நின்றுபோயிற்று என்று தெரியவில்லை. செத்தவர்களின் பெயரை ஒரு கருங்கல்லில் வெட்டி, ஊர் நுழைகிற ரோட்டில் நட்டுவைக்கப் பெரிய பணம் ஆகாது. அடுத்த தடவை முடிவெடுக்கிறவர்கள் தினமும் காரில் அதைக் கடந்துதான் போக வேண்டியிருக்கும்.