கொம்பு முறிதலும் வழக்கு முறிதலும்

மாத்தளை மாவட்டத்து லக்கல மலைப்பகுதியில், இரம்பதெனியா என்னும் சிற்றூரிற் பத்தினி வழிபாட்டுச் சடங்குகளை ஆராய்ந்தவர் 2025இல் மறைந்த பேராசிரியர் கணநாத் ஒபயசேகர. சிங்கள ஊர்கள் பலவற்றின் பத்தினி வழிபாட்டைத் தொகுத்தாராயும் அவரது பெருநூல் 1984இல் வெளிவந்தது. அதில் விரித்துரைக்கப்படும் 'அங்கெலிய' என்னும் கொம்பு விளையாட்டு, மட்டக்களப்புக் கொம்புமுறியின் உடன்பிறப்பாகும். இங்கு வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். இரு கொம்புகளைக் கொளுவி இழுப்பர், ஒன்று முறியும். வென்றோர் தோற்றோரை வசைபாடுவர். மற்றை நாளில் வாயெடுக்கவும் நாணும் சொற்கள் அன்று ஊர்நடுவே பாட்டாகின்றன.

இவ்வசையை ஒபயசேகர சிக்மண்ட் பிராய்டின் உளப்பகுப்புக் கொள்கைவழி நின்று நோக்குகின்றார். கொம்பு ஆண்மையின் குறியீடு. முறிதல் அதனை இழக்கும் அச்சம் என்பது அவர் முடிபு. பாட்டுக்களின் கொச்சைக்கு இவ்விளக்கம் நன்கு பொருந்துகின்றது. ஆயின், கேட்டோன் கையோங்காது நிற்பதேன்? தோற்றோரின் நாணத்தை நுணுகிக் கண்ட அறிஞர், அந்நாணம் சினமாகாமைக்கும் காரணத்தை அகமனத்தின் ஆழத்திலேயே தேடியது மிகையெனத் தோன்றுகின்றது.

இதனைத் தெளிவிக்க அமெரிக்கச் சோதனையொன்று உதவும். சமூகவியலறிஞர் ஹரல்ட் கார்பிங்கல் தம் மாணவரைத் தத்தம் வீட்டிற் கால்மணி முதல் ஒருமணி நேரம் வாடகைக்கு இருக்கும் அயலார்போல ஒழுகுமாறு பணித்தார். 1967இல் வெளியான அவர் நூலில் இது காணப்படும். வினவினாலன்றிப் பேசலாகாது, மிகப் பணிவுடன் நடத்தல் வேண்டும். மாணவர் 49 பேருள் ஐவர் மறுத்துவிட்டனர். நால்வர் முயன்றும் கைகூடவில்லை. ஏனையோர் வீடுகளிற் பெரும்பாலும் திகைப்பும் சினமும் மூண்டன. நோயோ, பிணக்கோ என்று பெற்றோர் காரணந் தேடினர். (பணிவே குற்றமாகிய விந்தையை ஆசிரியராயிருப்போர் எண்ணிப் பார்க்கலாம்!) சோதனையெனப் பின்னர் விளக்கியபோதும் அதனை வேடிக்கையாகக் கொண்டோர் சிலரே.

ஆகவே, வழக்கை மீறுதல் மட்டும் சினத்தை விளைப்பதன்று. மீறலுக்குரிய காரணத்தை உற்றார் முன்னறியாமையே விளைக்கின்றது. கொம்புமுறியிலோ காரணம் தெய்வத்தின்பேரால் முன்னரே எல்லார்க்கும் தெரியும். மழையும் பிணிநீக்கமும் வேண்டி ஊரே கூடி எடுத்த விழா அது. ஏசுவோனும் ஏச்சுக் கேட்போனும் ஒரே நேர்த்தியில் உள்ளவர்கள்.

1964இல் வீ. சீ. கந்தையா 'மட்டக்களப்புத் தமிழக'த்தை வெளியிட்ட பின்பும் கொம்புமுறி பற்றிப் பலர் எழுதியுள்ளனர். எனினும், வசைப்பாட்டைக் கொச்சையென ஒதுக்கி, விளையாட்டை மட்டும் போற்றும் போக்கு நம்மிடையே உண்டு. பாட்டை நீக்கிய கொம்புமுறி கயிறிழுத்தற் போட்டிக்கு எவ்வளவில் வேறாகும்?