பரவசமும் பணிவிடையும்: யப்பானிய நாவலொன்று பற்றிய நோக்கு

குடும்பத்தில் ஒருவரை மூளைநோய் பீடிக்கும்போது ஏனையோர் படும் துயரைச் சித்திரிக்கும் படைப்புகள் பெரும்பாலும் அன்பின் மேன்மையையே பேசுவன. அவ்வன்பு யாருடைய கைகளால், எவற்றை இழந்து செயற்படுகின்றது என்ற வினாவை எழுப்புவன சிலவே. யப்பானிய எழுத்தாளர் அரியோஷி சவாக்கோ (1931–1984) 1972 இல் வெளியிட்ட 'கோக்கொட்சு நோ ஹித்தோ' அத்தகைய நாவல்களுள் ஒன்று. 'பரவச நிலையிலுள்ள மனிதர்' எனத் தலைப்புப் பொருள்படும். இலட்சக்கணக்கான பிரதிகள் விற்பனையான இந்நூல் 1984 இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

மாமியார் திடீரென இறந்ததையடுத்து, மாமனார் ஷிகேசோவின் சிந்தை சிதைந்துள்ளமை குடும்பத்தினருக்குத் தெரியவருகின்றது. பெற்ற மகனையே அவர் கள்வனெனக் கருதி அலறுகிறார். நெடுங்காலமாகத் தாம் குறைகூறி வருத்திய மருமகள் அக்கிக்கோவையோ அடையாளங் காண்கிறார். இம்முரண் நாவலின் உயிர்நிலை எனலாம். இரத்த உறவு அழிந்துபோன நினைவிலும், நாள்தோறும் உணவளித்த கை எஞ்சி நிற்கின்றது.

அக்கிக்கோ சட்டத்தரணி அலுவலகமொன்றிற் பணிபுரிபவள். தெருவில் அலையும் முதியவரைத் தேடிப் பிடிப்பவளும், இரவிற் கண்விழித்து அவரது மலசலம் அகற்றுபவளும் அவளே. கணவன் நொபுதோஷியோ, தந்தையிடத்துத் தன் எதிர்காலத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்குகிறான். அவனது அச்சம் பொய்யானதன்று. ஆனால் அஞ்சுவதற்கும் ஓய்வு வேண்டும். அவ்வோய்வை அவனுக்கு வழங்குவது மனைவியின் உழைப்பாகும். உதவி நாடும் அக்கிக்கோவுக்குச் சமூகநல அலுவலர் காட்டக்கூடிய புகலிடம் மனநோய் வைத்தியசாலையே.

குளியற்றொட்டியில் மூழ்கி உயிர்தப்பிய பின்னர் ஷிகேசோ குழந்தைபோற் புன்னகைப்பவராகிறார். அவரை இயன்றவரை வாழவைப்பதென அக்கிக்கோ உறுதிபூணுகிறாள். நாவல் தான் எழுப்பிய வினாவினின்று நழுவுவது இவ்விடத்திலேயாம். சமூகம் விடைகூற வேண்டிய பிரச்சினை ஒரு பெண்ணின் மனமாற்றத்திற் கரைந்துவிடுகின்றது. நோயாளர் யாவரும் புன்னகைப்பதில்லை. புன்னகையாத நோயாளரைப் பராமரிப்பவளுக்கு இம்முடிவு ஆறுதலளிக்க மாட்டாது. மேலும், 'பரவசம்' என்பது புறத்தே நின்று பார்ப்போர் சூட்டிய பெயர். ஷிகேசோவின் உள்ளத்திலிருந்த பீதியை வாசகர் அறிவது மிகச் சொற்பம்.

எனினும் அக்கிக்கோவின் சோர்வையும் அருவருப்பையும் ஆசிரியர் மறைத்தாரல்லர். அவளைத் தியாகச் சிலையாக வடிக்காமை இந்நாவலின் பெருவெற்றி. இதன் தலைப்பே யப்பானிய பேச்சுவழக்கில் முதுமை மறதிநோயாளரைக் குறிக்கும் சொல்லாயிற்று. 2000 இல் அந்நாட்டில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. ஒரு நாவலே அதற்குக் காரணம் எனல் மிகையாகும். ஆயின் வீட்டுச் சுவர்களுள் மறைந்துகிடந்த உழைப்பினைப் பொதுவிவாதத்துக்குரிய பொருளாக்கியதில் அரியோஷிக்குரிய பங்கு மறுக்கத்தக்கதன்று. அன்பைப் போற்றும் இலக்கியம் அதன் சுமை யார் தோளில் விழுகின்றது என்பதனையும் கூறுதல் வேண்டும் என்பதற்கு, குறைபாடுகளோடுங்கூட, இந்நாவல் தக்க சான்றாகின்றது.