அஃறிணையா இவர்கள்?

2022-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தமிழ்நாட்டு அரசிதழ் ஒரு சொற்றொகுதியை வெளியிட்டது. விதிகளும் ஆணைகளும் அறிவிக்கைகளும் அச்சேறும் அந்த ஏட்டிலே ஊடுபால் என்றொரு சொல், திருநர் என்றொரு சொல், பால்புதுமையினர் என்றொரு சொல்! ஆண் என்றும் பெண் என்றும் போட்ட வரப்புக்குள் அடங்காத மக்களை எப்படி அழைத்தல் வேண்டும் என்று அரசே எடுத்துரைத்தது. கவிதை நூலுக்கும் கதை நூலுக்கும் திறனாய்வு எழுதும் பக்கத்திலே அரசிதழுக்குத் திறனாய்வா என்று நகைப்போர் நகைக்கட்டும். கவிதையிலே ஒரு சொல் பிழைபட்டால் சுவை கெடும், அவ்வளவே. ஒருவரை அழைக்கும் சொல் பிழைபட்டால் அவர் பள்ளியை விட்டு ஓடுகிறார், வீட்டை விட்டு ஓடுகிறார், சில வேளை உயிரையே விட்டுவிடுகிறார். ஆகவே இந்தச் சொற்களைச் சற்றே நிறுத்துப் பார்க்க விரும்புகிறோம்.

சொற்றொகுதி வானத்திலிருந்து விழவில்லை. மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர், ஒருவரையொருவர் விரும்பியவர்கள், 2021-இல் வீட்டை நீங்கிச் சென்னைக்குச் சென்றனர். பெற்றோர் காவல்நிலையத்தை நாடினர். பெண்கள் உயர்நீதிமன்றத்தை நாடினர். வழக்கைக் கேட்ட நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இம்மக்களைப் பற்றித் தமக்குப் போதிய அறிவில்லை என்பதை மறைக்கவில்லை. உளவியல் வல்லுநர் ஒருவரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். கேட்ட பின்னரே தீர்ப்பெழுதினார். அறியாமையை அரியணையில் ஏற்றி வைத்துக்கொண்டு தீர்ப்புக் கூறும் பெரியோர் மலிந்த நாட்டிலே, அறியாமையை ஒப்புக்கொண்டு மாணவராய் அமர்ந்த நீதிபதி! 2021 சூன் 7-ஆம் நாள் வந்த அந்த ஆணை, இம்மக்களைக் 'குணப்படுத்துகிறோம்' என்று கூறி நடத்தப்படும் கொடுமைகளுக்குத் தடை கூறிற்று. தொடர்ந்து நடந்த விசாரணையிலேதான், இவர்களைக் குறிக்கக் கண்ணியமான சொற்கள் வேண்டும் என்ற கேள்வி எழுந்து, அரசிதழ் வரை சென்றது.

அதற்குமுன் நம்மிடம் சொற்கள் இல்லையா? இருந்தன! அலி என்றோம், பேடி என்றோம், ஒன்பது என்று எண்ணால் ஏசினோம். இராசபாளையம் பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். அகராதியில் ஏறாத சொற்களும் காதில் விழும். பின்னர் அரவாணி என்ற பெயர் வந்தது. ஏசலினும் அது மேல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது யாருடைய பெயர்? பாரதக் கதையிலே களப்பலிக்கு நிறுத்தப்பட்ட அரவானுக்கு ஓர் இரவு மனைவியாகி, மறுநாள் தாலியறுத்து அழும் மோகினியின் வழிவந்த பெயர். கூவாகத்தில் ஆண்டுதோறும் அந்த அழுகை நடக்கிறது. கூடுவதும் ஆடுவதும் அவரவர் உரிமை. அதைப் பழிக்க வரவில்லை. ஒரு கூட்டத்தாரின் குடிமைப் பெயரே கைம்மைக் கதையொன்றில் கட்டுண்டு கிடக்க வேண்டுமா என்பதுதான் நம் வினா. 2008 ஏப்ரல் 15-இல் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தமிழ்நாடு அமைத்த நல வாரியம்கூட அரவாணிகள் நல வாரியம் என்றே பெயர் பெற்றது. அக்காலத்திலேயே கலைஞர் மு. கருணாநிதி தலைமையிலான அரசு திருநங்கை என்ற சொல்லை ஆட்சிமொழியாக்கியது. கதை கழன்றது, கண்ணியம் நின்றது.

பெயர் மாற்றத்தால் வயிறு நிறையுமா என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு 1922-ஐ நினைவூட்டுகிறோம். பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று அழைக்க வேண்டும் என எம்.சி. இராசா சென்னைச் சட்டமன்றத்திலே போராடிப் பெற்றது அவ்வாண்டில்தான். அன்றும் இதே கேள்விதான் கேட்கப்பட்டது. வயிறு நிறையாது, ஆனால் பெயரை மாற்றிக் கேட்டவர் பிறகு பள்ளியைக் கேட்டார், நிலத்தைக் கேட்டார், பதவியைக் கேட்டார்.

இனிச் சொற்களுக்கு வருவோம். திருநங்கை அழகிய சொல். ஆனால் நங்கை மட்டும் இருந்தால் போதுமா? பெண்ணென்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர் எங்கே போவார்? அவருக்குத் திருநம்பி வந்தது. இருவர்க்கும் பொதுவாய்த் திருநர் வந்தது. இலக்கணம் கற்றவர் இங்கே முகம் சுளிக்கக்கூடும். இயக்குநர், ஆளுநர் என்பவற்றில் 'நர்' ஒரு தொழிலைச் செய்பவரைக் காட்டும் விகுதி. 'திரு' என்பது என்ன தொழில்? வினை நியாயமானதே. ஆயினும் வழங்குவோர் வாயிலே சொல் தழைத்துவிட்டால் இலக்கணம் பின்னால் வந்து வழிவிடும். அதுவே மொழியின் நடைமுறை. ஊடுபாலைக் குறை கூற ஒன்றுமில்லை. உடற்கூற்றிலேயே ஆண் பெண் என்ற இரு வரையறைக்குள் அடங்காமல் பிறப்பவரை 'ஊடு' என்ற இரண்டெழுத்துத் தூய தமிழ் எவ்வளவு நுட்பமாகக் காட்டுகிறது! அத்தகைய குழந்தைகளின் உடலைப் பெற்றோரும் மருத்துவரும் தம் விருப்பம்போல் அறுத்துத் 'திருத்துவதை' உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் கண்டித்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே, உயிருக்கு ஆபத்து நேரும் நிலை நீங்கலாக, தமிழ்நாட்டரசு அதைத் தடை செய்தது.

நமக்கு மனக்குறை தருவது பால்புதுமையினர் என்ற சொல்லே. ஆங்கிலத்தில் 'குயர்' என்பது முதலில் ஏசல். ஏசப்பட்டவர்களே அதை எடுத்துக் கொடியாக்கிக்கொண்டனர். தமிழிலே அந்த வடு இல்லாமல் புதுமை என்று பெயரிட்டது நற்செயல்தான். புதுமைப்பெண்ணைப் போற்றிய மொழியல்லவா இது! ஆனால் 'புதுமை' என்றதும் பழமைவாதி பாய்ந்து வருகிறான்: "பார்த்தீர்களா, நேற்று வந்த மேனாட்டுச் சரக்கு!" என்கிறான். அவன் வாயை அடைக்க நாம் மேனாடு செல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியத்தைத் திறந்தாலே போதும்.

சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலே, ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயரைத் தொல்காப்பியர் எங்கே வைக்கிறார்? உயர்திணையில் வைக்கிறார். அப்பெயர்க்கென்று தனி ஈறு இல்லை, உயர்திணைக்குரிய ஈறுகளையே அது கொள்ளும் என்கிறார். அதோடு விட்டாரா? அத்தகையவரை ஆண்பாற் சொல்லால் குறித்தற்கு இடமில்லை என்றும் அதே இயலில் விதிக்கிறார். திருநங்கை ஒருவரை இன்றும் 'அவன்', 'வந்தான்' என்று எழுதும் செய்தியாளர் தீர்ப்பை மீறுவது ஒருபுறம் இருக்கட்டும், தொல்காப்பியத்தையே மீறுகிறார்! 'திரிந்த' என்ற சொல்லிலே ஒரு குறைநோக்கு ஒட்டிக்கொண்டிருப்பதையும் நாம் காணாமலில்லை. பழைய நூல் என்பதற்காகப் பல்லக்குத் தூக்க வேண்டியதில்லை.

நன்னூல் இன்னும் வியப்புக்குரியது. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தியார், பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலிலும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலிலும் சேர்க்கிறார். உடலை அளந்து பாலைத் தீர்மானிக்கவில்லை; அவாவுதல் என்ற உள்ளத்தின் செயலை வைத்துத் தீர்மானிக்கிறார். அறுவை செய்துகொண்டால்தான் ஏற்போம் என்பது முறையன்று, தம் பாலை உரைப்பவர் அவரவரே என்று உச்சநீதிமன்றம் கூறியது 2014 ஏப்ரல் 15-இல். ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுக்கு முன் ஓர் இலக்கண ஆசிரியர் அதன் வாயில்வரை வந்து நின்றிருக்கிறார்.

நின்றவர் நுழைந்தாரா? இல்லையே! அடுத்த அடியிலேயே, இவ்விருவரும் அஃறிணை போலவும் ஆவர் என்று எழுதிவிட்டார். 'அது வருது பார்' என்று தெருவிலே எழும் கூச்சல் ஏட்டிலும் ஏறியிருப்பதைக் காண நெஞ்சு வேகிறது. நன்னூலைப் பாடமாய்க் கற்பிக்கும் நாம் அந்த அடியைக் கூசாமல் காட்டி, ஏற்கோம் என்று கூறவேண்டும்.

எம் சோழபுரத்துக்கு அண்மையில்தான் திருவில்லிபுத்தூர். அங்கே பெரியாழ்வார் யசோதையாகவே மாறித் தாய்க்குரலில் பாடிய பாசுரங்களைக் கேட்டுக் கண்ணீர் மல்காத பக்தர் இல்லை. ஆண் பெண்குரலில் பாடினால் பக்தி. அதே ஊரில் ஒரு பிள்ளை பெண்குரலில் பேசினால் பழியா? இந்தக் கணக்கை எமக்கு யாரேனும் விளக்கினால் நன்று.

சொல்லிலிருந்து மருத்துவத்துக்கு வருகிறோம். இங்கேதான் சொற்பிழை உடலையே தொடுகிறது. 'பால்மாற்று அறுவை' என்பது மக்கள் வழக்கு. மாற்று என்றவுடன், இருந்த ஒருவர் இல்லாமற்போய் வேறொருவர் வந்துவிட்டார் என்ற எண்ணம் எழுகிறது. செய்துகொள்வோர் சொல்வது நேர்மாறு: "நான் மாறவில்லை, நான் யாரோ அதற்கேற்ப என் உடல் வந்தது." அறுவை என்ற சொல்லும் பாதி உண்மையே. மனநல வல்லுநரின் உரையாடல், மருத்துவர் கண்காணிப்பில் ஹார்மோன் மருந்து, குரற்பயிற்சி, முகமுடி நீக்கம் எனப் பல படிகள் இதில் உண்டு. எல்லாரும் எல்லாப் படியும் ஏறுவதில்லை. கத்தியையே விரும்பாதவரும் பலர். அவர்களும் திருநங்கையரே, திருநம்பியரே.

ஆங்கிலத்தில் இதற்கு இட்ட பெயரைப் 'பாலின உறுதிப்பாட்டுச் சிகிச்சை' என்று பெயர்க்கிறார்கள். பொருள் சரி, ஓசையோ அலுவலகக் கோப்பினுடையது. தளவாய்புரத்துத் தையல் தொழிலாளியான ஒரு தாயிடம் இதைச் சொன்னால், எலும்பை உறுதிப்படுத்தும் மருந்து என்று எண்ணினாலும் வியப்பில்லை. உடலை உள்ளத்தோடு இசைவிப்பது என்பதே செயல். 'பால் இசைவு மருத்துவம்' என்று கூறலாகாதா? நாம் முன்வைக்கிறோம், ஏற்பதும் தள்ளுவதும் அம்மருத்துவம் பெறுவோர் உரிமை. அவர்களுக்காக நாம் பெயரிட்டுவிட்டு அவர்களை ஏற்கச் சொல்வது பழைய ஆண்டான் குணம்.

மருத்துவம் அரசு கையில் இல்லாதபோது என்ன நடந்தது? 'நிர்வாணம்' என்ற பெயரால், மயக்க மருந்துமின்றி, இருட்டறையிலே, தாயம்மாவின் கத்தியால் நடந்தது. குருதி பெருகி இறந்தவர் கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' 2007-இல் வெளிவந்தது. ரேவதியின் 'வெள்ளை மொழி' பின்னர் வந்தது. அறுவையின் வலியைப் பற்றி இந்நூல்கள் கூறும் பக்கங்களைப் படித்தவர், அரசு மருத்துவமனையில் கட்டணமின்றி இவ்வறுவை செய்யத் தமிழ்நாடு முன்வந்ததைச் சலுகை என்று கூறமாட்டார். நாம் மதிக்கும் சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' 1994-இலேயே இம்மக்களை நாவலின் நடுவே நிறுத்தியது. ஆயினும் பிறர் இரங்கி எழுதிய நூலுக்கும், பட்டவரே எழுதிய நூலுக்கும் உள்ள தொலைவை இம்மூன்றையும் அடுத்தடுத்துப் படிப்போர் உணர்வர். இரக்கம் சொல் தேடுகிறது; பட்டவருக்குச் சொல் தானே வருகிறது.

இது நோயா? 2019-இல் உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்ற நோய்ப் பட்டியல், 2022 முதல் நடைமுறைக்கு வந்தபோது, பாலின இசைவின்மையை மனநோய்ப் பகுதியினின்றும் எடுத்துவிட்டது. அறிவு இந்த இடத்துக்கு எளிதில் வந்துசேரவில்லை. 1919-இல் பெர்லினிலே மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்டு இத்துறைக்கென்றே ஒரு கழகம் நிறுவினார். 1933 மே திங்களில் இட்லரின் கூட்டம் அதைச் சூறையாடி நூல்களைத் தெருவிலிட்டுக் கொளுத்திற்று. நூலைக் கொளுத்துவோர் எந்த நூலை முதலில் தேடுகிறார்கள் என்பதைக் கவனித்தல் நன்று.

வளரிளம் பருவத்தாருக்கு எந்த மருந்து, எந்த வயதில் என்பதில் மருத்துவ உலகம் இன்னும் வாதிடுகிறது. 2024-இல் இங்கிலாந்து, பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துகளைச் சிறாருக்குத் தருவதைக் கட்டுப்படுத்தியது. வேறு நாட்டு மருத்துவச் சங்கங்கள் மாறுபடுகின்றன. அந்த வழக்கைச் சான்றுகளோடு மருத்துவர்கள் பேசட்டும். ஆனால் பள்ளிப் பிள்ளைக்கு உடனே தேவைப்படுவது மருந்தன்று. வைத்த பெயரை நீட்டி முழக்கி ஏளனம் செய்யாத ஆசிரியர், அச்சமின்றிப் போகத்தக்க கழிப்பறை, பெண்போல் நடக்கிறாய் என்று பிரம்பெடுக்காத உடற்பயிற்சி நேரம்: இவற்றுக்கு எந்த மருத்துவக் குழுவின் ஒப்புதலும் வேண்டியதில்லை.

"ஐயா, இவன் நடையும் பேச்சும் ஒருமாதிரி இருக்கு, நாலு அடி போட்டுத் திருத்துங்க" என்று பெற்றோர் ஒருவர் எம்மிடம் கூறியதுண்டு. அன்பினால் கூறினார். அடியினால் திருந்தும் பாடம் இதுவன்று என்று கூறினோம், "அப்ப இதுக்கு என்னதான் பேரு?" என்று கேட்டார். அந்தப் பேரைத்தான் அரசிதழ் அச்சிட்டிருக்கிறது. அச்சிட்ட தாள் எத்தனை பள்ளிகளுக்கு வந்தது? நாம் பணியாற்றிய பள்ளிகளின் நூலகத்திலே அதைக் கண்டதில்லை. ஆசிரியர்களுக்கென்று தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2021-இல் ஒரு கையேடு ஆக்கியது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளிலேயே அதை விலக்கிக்கொண்டது. திருநர் பிள்ளைகளுக்கு இடம் மறுக்கலாகாது என்று 2006 டிசம்பரிலேயே ஆணையிட்ட மாநிலம் இது. ஆணை கோப்பிலே உறங்க, பிள்ளை ஒன்பதாம் வகுப்பிலே படிப்பை விட்டு மும்பைக்கு இரயிலேறுகிறது!

இங்கிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குச் செல்ல இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேருந்துப் பயணம். பாலின வழிகாட்டு மருத்துவப் பிரிவு அங்கே தொடங்கப்பட்ட செய்தியை எம் ஊரில் அறிந்தோரை விரல்விட்டு எண்ணலாம். பஞ்சாலை வேலைக்குச் செல்லும் தந்தை அதை எந்தப் பலகையில் படிப்பார்? ஊராட்சி அலுவலகச் சுவரில் குடற்புழு நீக்க முகாமுக்கு இடமிருக்கிறது, கண் முகாமுக்கு இடமிருக்கிறது. இதற்கு ஒரு முழ இடம் தரலாகாதா?

அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் திணையும் பாலும் நடத்த இருக்கிறோம். ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என்று ஐந்தும் கரும்பலகையில் எழுதப்படும். அவற்றின் கீழே கிளவியாக்க விதியையும், திருநங்கை, திருநம்பி, திருநர், ஊடுபால் என்ற நான்கு சொற்களையும் எழுதுவோம். 'திருநங்கை வந்தார்', 'திருநம்பி பாடினார்' என்று எடுத்துக்காட்டுத் தந்து, மேலும் பத்துத் தொடர்கள் எழுதிவரச் சொல்வோம்.