படகின் அடியைத் தட்டிப் பார்க்கிறவர்

புதிதாகப் பெயிண்ட் அடித்து விற்பனைக்கு நிற்கும் பழைய ஃபைபர் படகை நான் நம்ப மாட்டேன். நொச்சிக்குப்பத்திலும் பட்டினப்பாக்கத்திலும், அடையாற்று முகத்துவாரத்தைத் தாண்டி ஊரூர்க் குப்பத்திலும் மணலில் கிடக்கும் படகுகளில், வெளிறிப்போய், வெடிப்பு வெளியே தெரியக் கிடப்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அப்படிப்பட்ட படகை எடுப்பதா விடுவதா என்று ஒரு மூத்த மீனவர் முடிவு செய்யும் நேரம், பார்த்து ரசிக்க வேண்டிய ஒன்று.

அவர் முதலில் படகைத் தொடுவதே இல்லை. படகின் பின்முனையான அமரத்துக்குப் பின்னால் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன்முனையான அணியம் வரை ஏரா, அதாவது அடிக்கட்டை, நேராக ஓடுகிறதா என்று பார்க்கிறார். இங்கே துறைமுகம் கிடையாது. அலையில் ஏறிவந்து மணலில் மோதித்தான் கரை சேர வேண்டும். வருடக்கணக்கில் அப்படி மோதிய உடல் கோணியிருந்தால் எந்த ரெசினாலும் அதை நிமிர்த்த முடியாது. கோணல் என்றால் அங்கேயே திரும்பி நடந்துவிடுகிறார்.

நேராக இருந்தால் குனிந்து விரல் முட்டியால் தட்டத் தொடங்குகிறார். மயிலாப்பூர் சபா மேடையில் மிருதங்கக்காரர் வலந்தலையைச் சுற்றித் தட்டி, எல்லா இடமும் ஒரே சுருதியில் பேசுகிறதா என்று கேட்பாரே, அதே கவனம். ‘டண்’ என்று கேட்டால் அடுக்குகள் ஒட்டியிருக்கின்றன. நடுவில் ஓரிடம் ‘டொப்’ என்று மழுங்கினால் உள்ளே மேட் எனப்படும் கண்ணாடியிழை விரிப்பு பிரிந்து தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுவிட்டு மேலே போகிறார்.

அதிக நேரம் நிற்பது அமரப் பலகையில். இன்ஜின் அதிர்வு முழுவதையும் தாங்குவது அதுதான். கண்ணுக்கு ஃபைபராகத் தெரிந்தாலும் உள்ளே பெரும்பாலும் ப்ளைவுட்தான். போல்ட் ஓட்டை வழியாகக் கசியும் தண்ணீர், வெளித்தோல் பளபளப்பாக இருக்கும்போதே மரத்தை மக்க வைத்துவிடும். அமெரிக்க ஏரிகளில் நீர்ச்சறுக்குக்காரர்களை இழுத்த பழைய படகுகளுக்கும் இதே நோய்தான். தரைக்கடியில் நீளவாக்கில் ஓடும் மரச்சட்டங்கள் ஃபைபர் உறைக்குள்ளேயே உளுத்துப்போகும். வாங்கியவர் தரையைப் பெயர்த்த பிறகே விஷயம் தெரியவரும்.

எப்போது, யார் கட்டிய படகு என்ற கேள்வியும் முக்கியம். 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், சென்னையிலிருந்தபடியே, அலையைத் தாண்டிக் கரையேறும் ஃபைபர் படகுகளை 1980களில் வடிவமைத்துச் சோதித்தது. நார்வேக்காரரான ஓய்விண்ட் குல்பிராண்ட்சன் அதில் உழைத்தார். கரையேறும்போது ப்ரொப்பல்லரைத் தூக்கிவிட வேண்டும் என்பதே அந்த வேலையின் உயிர்நாடி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் குவிந்தன. நல்லவையும் உண்டு, அவசரத்தில் மேட்டை மிச்சம்பிடித்துக் கட்டியவையும் உண்டு. மெலிந்த உடலைப் பழுதுபார்ப்பது வீண் செலவு என்பது என் கருத்து.

கனமான உடல் என்றால் வேலை செய்யலாம். அந்த வேலை அழகானது. வெடிப்பின் மேல் பூசினால் போதாது. அதைச் சுற்றிச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 6 மில்லிமீட்டர் கனத்துக்கு 72 மில்லிமீட்டர் தூரமாவது சரிவு வேண்டும், அதாவது பன்னிரண்டு மடங்கு. பழைய பாலியஸ்டர் மேல் புதியது கரைந்து கலக்காது, பற்றிக்கொள்ள மட்டுமே செய்யும். அந்தப் பிடிப்புக்குத்தான் இவ்வளவு பரப்பு. பிறகு மேட்டை வைத்து ரெசினைத் தோய்த்தால், வெள்ளை வெளேரென்றிருந்த இழைகள் கண்ணெதிரே நிறமிழந்து தெளிகின்றன. எங்கே வெண்மை மிஞ்சுகிறதோ அங்கே காற்று சிக்கியிருக்கிறது; ரோலரால் அழுத்தி வெளியேற்ற வேண்டும். மே மாத வெயிலில் ஹார்ட்னரைக் குறைக்காவிட்டால் ரெசின் டப்பாவிலேயே உறைந்துவிடும். மழைக்காற்று வீசும் நாளில் கையே வைக்கக் கூடாது. நல்ல கைகாரர் விடியற்காலையிலேயே தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறார்.

ஆகவே என் கணக்கு இது. ஏரா நேர், உடல் கனம், சாக்பீஸ் வட்டங்கள் தனித்தனியாகத் தள்ளி நிற்கின்றன என்றால், அமரப் பலகை முழுக்க மக்கியிருந்தாலும் வாங்குவேன். பலகையை அறுத்தெடுத்துப் புதிது வைக்கலாம். வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அடி முழுக்கப் பரவியிருந்தால், இன்ஜினுக்கு மட்டும் விலை பேசுவேன்.