அம்மை குத்திய கை

பெண்கள் மட்டும் இருக்கும் ஒரு பழைய ஓவியம். அவர்கள் யாரென்று எங்கும் எழுதப்படவில்லை. நகை அணிந்திருக்கிறார்கள், நேராக நம்மைப் பார்க்கிறார்கள், ஒருத்தியின் கை திறந்திருக்கிறது. இப்படிப்பட்ட படத்துக்கு விற்பவரும் வாங்குபவரும் எளிதில் ஒட்டிவிடும் பெயர் ஒன்று உண்டு: 'ஆடல் மகளிர்'. அப்படிப் பெயர் ஒட்டப்பட்ட ஓர் ஓவியம், அந்தப் பெயரிலிருந்து விடுபட்ட விதத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

அயர்லாந்து ஓவியர் தாமஸ் ஹிக்கி சுமார் 1805-ல் வரைந்ததாகக் கருதப்படும் ஓவியம் அது. அதில் மூன்று பெண்கள். 2007-ல் சோத்பிஸ் நிறுவனத்தில் ஏலத்துக்கு வந்தது. அவர்கள் நடனப் பெண்கள் அல்லது கணிகையர் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். அது தவறு என்றார் கேம்பிரிட்ஜ் வரலாற்றாய்வாளர் நைஜல் சான்சலர். 2001-ல் அவர் எழுதிய கட்டுரையின்படி, அவர்கள் மைசூர் உடையார் அரண்மனைப் பெண்கள். பெரியம்மைத் தடுப்பூசியை மக்களிடம் கொண்டுசெல்ல கிழக்கிந்தியக் கம்பெனி வரையச் சொன்ன படம் அது.

அவர் காட்டும் சான்றுகள் இவை. கனத்த பொன் வளைகளும் தலையணிகளும் உடையார் அரசிகளுக்கு உரியவை. ஹிக்கி முன்பே அந்தக் குடும்பத்தினரை வரைந்தவர். படத்தின் காலம், மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் திருமண ஆண்டுகளோடு பொருந்துகிறது. இளைய அரசி தேவஜம்மணி குத்திக்கொண்டதைப் பார்த்து மக்கள் முன்வந்ததாக 1806 ஜூலை அரண்மனைப் பதிவு சொல்கிறது. வலப்பக்கம் நிற்கும் தேவஜம்மணியின் முந்தானை இடக்கையை மூடியிருக்க வேண்டும். அது விலகியிருப்பது, ஊசி குத்திய இடத்தைக் காட்டுவதற்காக. இடப்பக்கம் இருப்பவர் மூத்த அரசி. அவர் பெயரும் தேவஜம்மணிதான். மூக்கையும் வாயையும் சுற்றி அவருக்கு நிறம் மாறியிருக்கிறது. அம்மைப் பொருக்கைப் பொடித்து மூக்கில் ஊதும் பழைய முறையின் அடையாளம் அது என்கிறார் சான்சலர். நடுவில் இருப்பவர் அரசரின் பாட்டி லட்சுமி அம்மணியாக இருக்கலாம். அம்மைக்குக் கணவனைப் பறிகொடுத்தவர். பறிபோன அரியணையை மீட்க ஆண்டுக்கணக்கில் ஆங்கிலேயரோடு பேச்சு நடத்தியவர்.

நான் குலசேகரன்பட்டினத்துக்காரி. முத்துக் குளித்த கடற்கரை எங்களுடையது. எங்களுக்கு முத்து என்றால் கடலில் எடுப்பது மட்டுமல்ல. உடம்பில் போடுவதும் முத்துதான். அந்த முத்தை ஆற்றுபவள் என்பதால் அவள் முத்தாரம்மன் என்று ஊரில் பொருள் சொல்வார்கள். எங்கள் ஊர்க் கிழவிகளின் கையில் அம்மை குத்திய வட்டத் தழும்பு இருக்கும். இந்தப் படத்தை அவர்களிடம் காட்டினால் முதலில் முகத்தில் உள்ள நிறமாற்றத்தைப் பார்ப்பார்கள், பிறகு கையை. நகையும் இடுப்பும் அதற்குப் பிறகுதான். அதே கையை விலைமகளின் அழைப்பாக வாசித்தவர்கள் கண்ணில் அந்த முகம் படவில்லை. ஓவியத்தின் மூலம் மறைந்துபோனதற்கு ஆவணம் இல்லாதது பாதிக் காரணம். எதைப் பார்க்கப் பழகியிருக்கிறோம் என்பது மீதிப் பாதி.

ஆனாலும் இந்தக் கண்டுபிடிப்பை முழு மகிழ்ச்சியோடு வரவேற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. 'தாசிகள் அல்ல, ராணிகள்' என்று சொல்லும்போது ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்கிறது. இழிவிலிருந்து அவர்களை மீட்டுவிட்டோம் என்ற தொனி அது. அவர்கள் ஆடல் மகளிராகவே இருந்திருந்தால் அவர்களுடைய பெயரை யாராவது தேடியிருப்பார்களா? ஆடல் மகளிர் பெயரற்றவர்கள் என்பதே பிற்காலத்துக் கற்பனை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் முதலாம் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரைப் பொறித்திருக்கிறான். எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருச்சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை இருக்கிறது. சோழ அரசு தன் தேவைக்காக எழுதிய கணக்குதான். இருந்தாலும் அதில் பெயர் இருக்கிறது. எண்ணூறு ஆண்டு கழித்து 'ஆடல் மகளிர்' என்ற சொல்லே, பெயர் தேட வேண்டாம் என்பதற்கான அனுமதியாகிவிட்டது.

அரசியின் கையும் அவளுடையதாக மட்டும் இருக்கவில்லை. 1805-ல் மணமாகி வந்தபோது தேவஜம்மணிக்கு வயது சுமார் 12. ஒரு சிறுமியின் உடல் கம்பெனியின் விளம்பரமானது. அந்த விளம்பரம் உயிர்களைக் காத்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தச் சங்கிலியில் இன்னொரு சிறுமியும் உண்டு. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயது ஆனா டஸ்ட்ஹாலுக்குக் குத்தியதுதான் இந்தியாவில் வெற்றிகண்ட முதல் தடுப்பூசி. குளிர்பதனம் இல்லாத காலம் அது. அவள் கையில் எழும்பிய கொப்புள நீரை எடுத்து வேறு குழந்தைகளுக்குக் குத்தினார்கள். இப்படிக் கையிலிருந்து கைக்கு மருந்து செங்கல்பட்டு, சென்னை வழியாக மைசூருக்கும் போனது. அந்த வழி நெடுகிலும் குழந்தைகள்தான் மருந்துக் குப்பிகள். அரசியின் கைக்கு ஓவியம் கிடைத்தது. அந்தக் கையை எட்டும்வரை மருந்தைச் சுமந்த பிஞ்சுக் கைகளைச் சட்டம் போட்டு யாரும் மாட்டவில்லை.

அருங்காட்சியகத்திலோ ஏலப் பட்டியலிலோ 'பெயர் தெரியாத பெண்' என்ற குறிப்பைப் பார்க்கும் மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். அவள் யார் என்று கேட்பதோடு நிற்காதீர்கள். அந்தக் குறிப்பை எழுதியவர் யார், எதைப் பார்த்து எழுதினார் என்றும் கேளுங்கள். பிறகு அவள் கை எதைக் காட்டுகிறது என்று பாருங்கள்.