ஓதியதனை மீள ஓதுதல்

ஒருமுறை முற்றக் கற்ற நூலைப் பின்னரும் எடுத்துக் கற்பார் உளரோ, உளரேல் அவர் அங்ஙனஞ் செய்தற்குக் காரணம் யாது என்னும் வினா இக்காலத்துப் பலரிடை எழுகின்றது. முடிவு தெரிந்தபின் நூலிற் பெறுதற்கு என்ன எஞ்சிற்று என்பார் ஒருசாரார். மறந்தமையான் மீளக் கற்கின்றனர் என்பார் மற்றொருசாரார். இவ்விரண்டும் சைவ நன்மக்கள் ஓதும் நூல்களுக்குப் பொருந்தாமை வெளிப்படை. தேவாரத்தை நெட்டுருப் பண்ணிய ஓதுவார் மறதிக்கு அஞ்சி நாடோறும் ஓதுகின்றிலர். திருத்தொண்டர் புராணம் கேட்கக் கூடுவார், கண்ணப்பர்க்கு இறுதியில் நிகழ்ந்தது யாது என்றறியும் விரைவினாற் கூடுகின்றிலர். ஆயின், பழகிய வாயால் ஓதுதல் யாவும் கற்றலாமோ என்பதும் உடன்வைத்து ஆராயற்பாலது.

இப்பொருளைத் திருவள்ளுவனார் இரண்டிடங்களிற் குறித்தனர். நட்பதிகாரத்திலே, பண்புடையார் தொடர்பு பயிலுந்தோறும் இனிதாதற்கு, நூலின் நயம் கற்குந்தோறும் மிகுதலை உவமை கூறினர். புணர்ச்சி மகிழ்தலிலே, தலைவியைக் கூடுந்தோறும் காதல் புதிதாதற்கு, அறியுந்தோறும் முன்னை அறியாமை புலப்படுதலை உவமை கூறினர். இரண்டிடத்தும் கற்றலே உவமையாய் நின்றது. உவமை, கேட்போர்க்கு முன்னரே தெரிந்த பொருளாதல் வேண்டும். ஆகவே, மீளக் கற்றலும் அதனாற் சுவை மிகுதலும் நாயனார் காலத்து அறிஞர்க்கு நிறுவ வேண்டாத செய்திகளாய் இருந்தன என்பது பெறப்படும். ஆனால் இவ்விரண்டு உவமைகளும் ஒன்றல்ல. முன்னையது நூலின் நயத்தைச் சொல்லிற்று. பின்னையது கற்பவனது அறியாமையைச் சொல்லிற்று. மீளக் கற்பவன் காண்பது இவ்விரண்டனுள் எது?

பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்திலே, நூலை இருமுறை கேட்பின் பிழை மிகாது என்றும், மும்முறை கேட்பின் முறையறிந்து பிறர்க்கு உரைக்கலாகும் என்றும் கூறினர். இது மாணாக்கர்க்குக் கூறிய அளவை. இலக்கண நூலுக்கு மும்முறை அமையும். அருள் நூலுக்கு அவ்வளவை அமையுமோ என்பதை ஒரு திருப்பதிகங் கொண்டு காண்பது நலம்.

தொண்டை நாட்டிலே, சென்னையினின்று திருச்சிராப்பள்ளி செல்லும் பெருவழியில், மதுராந்தகத்துக்குத் தெற்கே உள்ளது அச்சரப்பாக்கம். தேவாரத்தில் இஃது அச்சிறுபாக்கம் என வழங்கும். திரிபுரம் எரிக்கச் சென்ற பெருமானது தேரின் அச்சு, மூத்த பிள்ளையாரை முன்னர் எண்ணாமையால் இற்ற இடம் என்பது தலபுராண வழக்கு. அருணகிரிநாதரும் விநாயகர் துதியாகிய திருப்புகழில் அச்சு முறிந்த அச்செய்தியைக் குறித்தனர். இத்தலத்துக்குத் திருஞானசம்பந்தப் பிள்ளையார் அருளிய பதிகம் முதல் திருமுறையில் 77-ஆவது, பண் குறிஞ்சி. பெருமான் அச்சிறுபாக்கத்தை ஆட்சியாகக் கொண்டார் என்பதே பாட்டின் முடிபாகத் திரும்பத் திரும்ப வருவது. ஆட்சிகொண்ட நாதர், ஆட்சீசுவரர் என்னுந் திருநாமங்களும் இவ்வாட்சியையே குறிப்பன. முடிபு ஒன்றேயாதலின், அடுத்த பாட்டு எங்குச் சென்று நிற்கும் என்பது ஓதுவானுக்கு முன்னரே தெரியும். அதுவேயுமன்றி, இராவணனை அடர்த்தது, அயனும் மாலும் அடிமுடி காணாதது என்பன பிள்ளையார் பதிகங்களிற் பெரும்பாலும் எவ்விடத்து வரும் என்பதும் பயின்றார்க்குத் தெரியும். புதுமை வேண்டுவார்க்கு இங்கே பெறுதற்கு ஒன்றுமில்லை.

அப்பதிகத்தின் முதற் பாட்டை நோக்குக. நான்கடியின் தொடக்கத்தும் எதுகை ஒரே ஓசையாய் ஒலிக்கின்றது. முதன்முறை ஓதுவான் அவ்வோசை இன்பத்தில் திளைத்து அப்பாற் செல்வான். மறுமுறை நின்று சொற்பிரித்து நோக்குவானாயின், அவ்வோசைக்குள் இரண்டு சொற்கள் மறைந்திருத்தல் காண்பான். முதலடியிற் சடைக்கு உவமையாகிய பொன்னும், மூன்றாமடியில் உமையம்மையின் இடைக்கு உவமையாகிய மின்னும் கூடிப் பெறும் வினை ‘திரண்டு’ என்பது. இரண்டாமடியிற் குன்றுபோலுந் தோளுக்கும், நான்காமடியில் அம்மையும் அப்பனுமாகிய உருவத்துக்கும் வருஞ்சொல் ‘இரண்டு’ என்னும் எண். புணர்ச்சியால் இரண்டும் செவிக்கு ஒன்றாயின. ஒன்றாய்த் திரளுதலும் இரண்டாய் நிற்றலும் அடிதோறும் மாறி மாறி வந்து, ஈற்றில் இரண்டுருவமாகிய ஒருவனிடத்தே முடிகின்றன. இதனைப் பிள்ளையார் கருதியே அமைத்தார் எனத் துணிதல் மிகையாகலாம். ஆயினும் சொற்கள் அங்கே அவ்வாறு கிடக்கின்றன என்பதில் ஐயமில்லை. நூறுமுறை ஓதியும் இதனைக் காணாதார் பலர்; அவர்க்கு நூல் எதனையும் ஒளித்ததில்லை.

ஒளித்தது யாது எனின், ஆன்மாவைப் பற்றிய மலமே என்பது சித்தாந்தம். விளக்கு நின்றபடி நிற்பவும், கண்ணிற் படலம் உரியுமளவுக்கே பொருள் விளங்கும். ஆகலின், மீளக் கற்குங்கால் வேறுபட்டது நூல் அன்று, கற்பவனது பரிபாகமே. பன்னிரண்டு சூத்திரங்களாய் நாற்பது அடிகளுக்குள் அடங்கிய சிவஞானபோதத்துக்கு மாதவச் சிவஞான முனிவர் சிற்றுரையும் மாபாடியமும் என இரண்டு உரை வகுத்தனர். மூலம் அவ்வளவே, கற்பார் நிலை பலவாதலின் உரையும் ஒன்றின் மேற்பட்டது.

அற்றேல், பன்முறை பயின்றாரெல்லாம் பரிபாகம் எய்துவர் எனக் கொள்ளலாமோ எனின், அற்றன்று. என்னை? சேக்கிழார் பெருமானே அதற்கு மறுதலையாக ஒருவனைக் காட்டினர். அவன் நாணன். திருக்காளத்தி மலைமேற் குடுமித்தேவர் இருக்கின்றார் என்று திண்ணனார்க்கு முதன்முதற் சொன்னவன் அவனே. பெருமான் திருமுடியில் நீரும் இலையும் பூவும் கண்டு, இது செய்தார் யார் என்று திண்ணனார் வினவியபோதும், முன்னொருநாள் நின் தந்தையோடு வேட்டைக்கு வந்தபோது ஓர் அந்தணன் இவ்வாறு செய்யக் கண்டேன் என விடையிறுத்தவன் அவனே. ஆகவே, நாணன் மலைக்கு இருமுறை வந்தான். பூசனையை விவரமாகக் கண்டான். கண்டதை மறவாது பிழையின்றி எடுத்தும் சொன்னான். நல்ல மாணாக்கனுக்குரிய இலக்கணம் யாவும் அவனிடத்துள்ளன. ஆயினும், அவன் ஊர்க்கு மீண்டுபோய்த் திண்ணனார் தம்மை மறந்த செய்தியைச் சொல்லுவானாயினான். ஒருமுறை கண்டவர் ஆறு நாளிற் கண்ணப்பரானார். முன்னரே கண்டவன் செய்தி சொல்பவனாய் நின்றொழிந்தான். கண்ணப்பர் கண்ணையே நோக்கி உருகுவார் நாணனைக் கவனியார். கதை முடிவு தெரிந்து, விரைவு தணிந்து மீள ஓதுவார்க்கே அவன் தென்படுவான். மீளக் கற்றலின் பயனுக்கு இப்பகுதி ஒருங்கே சான்றும் எச்சரிக்கையுமாய் அமைந்தமை வியக்கத்தக்கது.

இதனால் மீள ஓதுதல் வீண் என்று ஒருவர் தடை நிகழ்த்தலாம்: திண்ணனார்க்கு ஒரு காட்சியே அமைந்ததன்றோ? அவ்விடத்துச் சேக்கிழார் பெருமான் வைத்த சொல்லை நோக்குதல் வேண்டும். மலை ஏறும் திண்ணனாரை முன்செய்த தவத்தின் தொகுதி அன்பிற் செலுத்திற்று என்று அவர் கூறினர். ஆகவே, பார்ப்பார்க்கு முதற்காட்சியாய்த் தோன்றியது, பல பிறப்பிற் பயின்றதன் மீட்சியே என்பது போதரும். முதல் ஓதலிலே கண்ணீர் வார உருகுவாரை நோக்கி, இவர் இன்றுதான் தொடங்கினார் எனக் கூறுதல் சித்தாந்த நெறியில் எளிதன்று. நாணனுக்கும் பரிபாகம் வரும். அன்று வந்திலது, அவ்வளவே.

திருவாசக முற்றோதல் பற்றியும் இங்கே கூறவேண்டுவது உண்டு. 51 பகுதிகளிலுள்ள 658 பாட்டையும் ஒரே பகலில் ஓதி முடிக்கும் வழக்கம் பல ஊர்களிற் பரவியுள்ளது. அடியார் கூட்டம் சேர்தல் நன்று. திருவாசகம் செவியிற் படுதலும் நன்றே. ஆயினும், மாலைக்குள் முடிக்கவேண்டும் என்னும் விரைவில் பாட்டு ஓடுமாயின், இத்தனையாவது முற்றோதல் என எண்ணப்படுவது எண்ணிக்கையே. மாணிக்கவாசகப் பெருமான் சிவபுராணத்து ஈற்றிலே, பொருளுணர்ந்து சொல்லுவார்க்கன்றோ சிவபுரத்துப் பேற்றைக் கூறினர்? அவ்விறுதி அடிகளையும் விரைந்தே ஓதிவிட்டு, நெடும்பகுதியாகிய திருச்சதகத்துக்குச் செல்வது நகைப்புக்கிடமானது.

இவ்விடத்து யாழ்ப்பாணத்துச் சைவர் வழக்கம் நினைவுகூரத்தக்கது. காஞ்சியிற் கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணத்தை அந்நாட்டார் கோயில்களில் ஆண்டுதோறும் படித்தனர். அது பதினாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களுடையது. ஒருவர் இசையோடு பாட்டைப் படிப்பார், நிறுத்துவார், மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார், அதன் பின்னரே அடுத்த பாட்டு. ஒரு நாளில் முடிப்பது அங்கே கருத்தன்று. நாட்கள் பல செல்லும். சூரபன்மன் முடிவு அறியாதார் அவ்வவையில் ஒருவரும் இரார். பயன் சொல்லுவார் சென்ற ஆண்டு சொல்லாத ஒரு பொருளை இவ்வாண்டு எவ்விருத்தத்திற் சொல்லுவார் என்றே முதியோர் காத்திருப்பர்.